ஹெலனின் டீச்சர்



ஹெலன் கெல்லர் பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம் பள்ளியில் இருக்க மாட்டார்கள். கண் தெரியாது, காது கேட்காது. அப்படியும் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினார், புத்தகங்கள் எழுதினார். ஆனா அவருக்கு முதல் வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தது யார்னு கேட்டா நிறைய பேர் முழிப்போம். அவர் பெயர் ஆன் சல்லிவன். நான் படிச்சு டீச்சர் ஆகணும்னு ஆசைப்படுகிறேன். அதனால் இந்த முறை ஒரு டீச்சரின் வாழ்க்கையை எழுதுகிறேன்.

இளமை

ஆன் சல்லிவன் 1866 ஏப்ரல் 14-ம் தேதி அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபீடிங் ஹில்ஸ் என்ற கிராமத்தில் பிறந்தார். அம்மா அப்பா இரண்டு பேரும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். ஐந்து வயசு இருக்கும்போது ட்ரக்கோமா என்ற கண்நோய் வந்து பார்வை பெரும்பாலும் போய்விட்டது. எட்டு வயசில் அம்மா காசநோயில் இறந்துவிட்டார். அப்பா பிள்ளைகளைக் காப்பாற்றவில்லை. 1876-ல் ஆனையும் தம்பி ஜிம்மியையும் டியூக்ஸ்பரி என்ற ஊரில் இருந்த அரசாங்க ஏழைகள் விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த விடுதியில் நோயாளிகள், வயசானவர்கள், மனநலம் சரியில்லாதவர்கள் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள். ஜிம்மிக்கு இடுப்பு எலும்பில் நோய், ஊன்றுகோல் வைத்துத்தான் நடப்பான். போன சில மாதங்களிலேயே அவன் இறந்துவிட்டான். அப்போது ஆனுக்குப் பத்து வயசு. அதுக்கப்புறம் நாலு வருஷத்துக்கு மேல் தனியாக அங்கேயே இருந்தார். பார்வையில்லாத பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் இருக்கிறது என்று அங்கே யாரோ சொல்லக் கேட்டது மட்டும் மனசில் நின்றுவிட்டது. ஒரு நாள் பிராங்க் சான்பார்ன் என்ற பெரிய அதிகாரி விடுதியைப் பார்வையிட வந்தார். கூட்டத்தில் அவர் யார் என்றுகூட ஆனுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் முன்னால் ஓடிப்போய், எனக்குப் பள்ளிக்கூடம் போகணும் என்று கத்திக் கேட்டுவிட்டார். கேட்டதால்தான் கிடைத்தது. 1880 அக்டோபரில் பாஸ்டன் நகரில் இருந்த பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்த்தார்கள்.

14 வயசில் முதல் எழுத்து

பள்ளியில் சேரும்போது ஆனுக்கு 14 வயசு. என் வயசு. அவருக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து படித்தார். மற்ற பிள்ளைகள் கேலி பண்ணினார்கள். அவருக்குக் கோபம் அதிகம், ஆசிரியர்களோடும் சண்டை வரும். பள்ளியை விட்டு அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தார்களாம். நல்லவேளை அனுப்பவில்லை. கண்ணில் ஆபரேஷன் செய்த பிறகு ஓரளவு பார்வை கிடைத்தது. ஆறே வருஷத்தில், 1886-ல், வகுப்பிலேயே முதல் மாணவியாகப் படித்து முடித்தார்.

இதை எழுதும்போது எனக்கு எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண் ஞாபகம்தான் வருகிறது. வீட்டில் அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அவளுக்கும் என் வயசுதான். திரும்பவும் வரணும்னு ஆசை. ஆனா கூடப் படித்தவர்கள் எல்லாம் ஒன்பதாவதில் இருக்க, நான் மட்டும் கூட்டல் கழித்தலில் இருந்து ஆரம்பித்தால் சிரிப்பாங்களே என்று பயப்படுகிறாள். வயசு போச்சு, இனிமே எதுக்குப் படிப்பு என்று அவள் சொந்தக்காரர்களும் சொல்கிறார்கள். 14 வயசில் முதல் எழுத்து படித்தவர்தான் உலகமே பேசும் டீச்சர் ஆனார். இதை நான் அவளிடம் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்கிறேன்.

ஹெலன் வீட்டில்

அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்ற ஊரில் ஹெலன் கெல்லர் 1880-ல் பிறந்தார். 19 மாதக் குழந்தையாக இருக்கும்போது வந்த காய்ச்சலில் பார்வையும் போய், காதும் கேட்காமல் போய்விட்டது. பேச்சும் வரவில்லை. ஹெலனுக்குச் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும் என்று அவர் அப்பா பெர்கின்ஸ் பள்ளிக்குக் கடிதம் எழுதினார். தலைமை ஆசிரியர் ஆனைத் தேர்ந்தெடுத்தார். அதே பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்று கண்ணும் காதும் இல்லாத ஒரு வயதான அம்மா இருந்தார். விரல்களால் எழுத்துக் காட்டி உள்ளங்கையில் பேசும் முறையை அவரோடு பேசிப் பேசி ஆன் முன்பே பழகியிருந்தார். லாராவுக்குப் பாடம் சொன்ன டாக்டர் ஹோவ் எழுதி வைத்த குறிப்புகளையும் சில மாதங்கள் உட்கார்ந்து படித்தார். அப்புறம்தான் கிளம்பினார்.

1887 மார்ச் 3-ம் தேதி ஆன் அந்த வீட்டுக்குப் போனார். டீச்சருக்கு 20 வயசு, மாணவிக்கு ஏழு வயசுகூட ஆகவில்லை. ஹெலன் எல்லார் தட்டிலும் கைவிட்டு எடுத்துச் சாப்பிடுவாள். யாராவது தடுத்தால் அடிப்பாள், கிள்ளுவாள். பாவம் என்று வீட்டில் எல்லாரும் விட்டுக் கொடுத்தார்கள். ஆன் விட்டுக் கொடுக்கவில்லை. தன் தட்டில், ஸ்பூனால்தான் சாப்பிடணும் என்று பிடிவாதமாக நின்றார். ஹெலன் அடித்ததில் அவருடைய பல் ஒன்று உடைந்தது. ஒரு தடவை டீச்சரை அறையில் வைத்துப் பூட்டி, சாவியையும் ஒளித்து வைத்துவிட்டாள். ஜன்னல் வழியாக ஏணி வைத்துத்தான் இறக்கினார்கள்!

ஆன் ஒரு பொம்மையைக் கொடுத்து அந்த வார்த்தையை ஹெலன் கையில் எழுதினார். ஹெலன் அதேபோல் திருப்பி எழுதினாள். ஆனா அது ஒரு பொருளின் பெயர் என்று அவளுக்குத் தெரியாது, விளையாட்டு என்று நினைத்தாள். டம்ளர் எது, அதில் இருக்கும் தண்ணீர் எது என்பதிலும் குழப்பம். ஏப்ரல் 5-ம் தேதி ஆன் அவளைக் கைப்பம்புக்கு அழைத்துப் போனார். ஒரு கையில் தண்ணீர் கொட்ட, இன்னொரு கையில் தண்ணீர் என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதினார். ஹெலனுக்குப் பட்டென்று புரிந்தது. ஒவ்வொரு பொருளாகத் தொட்டுத் தொட்டுப் பெயர் கேட்டாள். சில மணி நேரத்தில் 30 புது வார்த்தைகள் கற்றுக் கொண்டாள்.

ஆன் கண்டுபிடித்த வழி

கதையில் எல்லாரும் தண்ணீரோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுக்கு அப்புறம் நடந்ததுதான். ஹெலனுக்குச் சொந்தக்காரக் குழந்தை ஒன்று இருந்தது, ஒன்றேகால் வயசு. அது எப்படிப் பேச்சைப் புரிந்துகொள்கிறது என்று ஆன் கவனித்தார். குழந்தைக்கு யாரும் மணி அடித்துப் பாடம் எடுப்பதில்லை. சுற்றி இருப்பவர்கள் முழு வாக்கியமாகப் பேசுகிறார்கள், குழந்தை கேட்டுக் கேட்டுப் பிடித்துக் கொள்கிறது. அப்படியென்றால் ஹெலனின் காதுக்குப் பதில் கை இருக்கிறதே என்று ஆன் யோசித்தார். பாட நேரம் என்று தனியாக வைப்பதை விட்டுவிட்டு, நாள் முழுக்க அவள் கையில் பேசிக்கொண்டே இருந்தார்.

பாடம் பெரும்பாலும் வெளியில்தான் நடந்தது, மரத்தடியில், வயலில். டென்னசி ஆற்றங்கரையில் கூழாங்கல்லை வைத்து அணையும் தீவும் ஏரியும் கட்டி விளையாடினார்கள். விளையாட்டு என்று ஹெலன் நினைத்தாள், அதுதான் புவியியல் பாடம். குழந்தை கேட்ட கேள்வியை ஆன் தள்ளிவிடவே இல்லை.

1900-ல் ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். ஆன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாடத்தையும் கையில் எழுதிச் சொன்னார். பிரெய்லில் இல்லாத புத்தகங்களைத் தன் கெட்டுப்போன கண்ணால் படித்துச் சொன்னார். 1904-ல் ஹெலன் பட்டம் வாங்கினார். கண்ணும் காதும் இல்லாதவர் ஒருவர் பி.ஏ. வாங்கியது அதுதான் முதல் தடவை. அத்தனை பாடத்தையும் கூடவே படித்த ஆனுக்கு அந்தக் கல்லூரிப் பட்டம் கிடைக்கவில்லை. கடைசிக் காலத்தில் அவர் பார்வை முழுவதும் போய்விட்டது. 1936 அக்டோபர் 20-ம் தேதி, 70 வயசில் இறந்தார். அப்போது அவர் கையை ஹெலன் பிடித்துக் கொண்டிருந்தார். 49 வருஷமும் ஹெலன் அவரைக் கூப்பிட்டது டீச்சர் என்றுதான்.

நான் டீச்சர் ஆனால்

ஆன் கதையைப் படித்துவிட்டு என் நோட்டில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்:

1. பிள்ளைக்குப் புரியவில்லை என்றால், வேறு எப்படிச் சொல்லலாம் என்று யோசிப்பேன். மக்கு என்று சொல்ல மாட்டேன்.

2. பாவம் என்று சொல்லி யாரையும் சும்மா உட்கார வைக்க மாட்டேன். முடியாது என்று நாமே முடிவு பண்ணுவது உதவி இல்லை.

3. கண்டிப்பாக இருப்பேன். ஆனா இதில் எனக்கு இன்னும் முழுசாகத் தெளிவு இல்லை. ஆன் அந்தக் குழந்தையோடு மல்லுக்கட்டியதைப் படிக்கும்போது கஷ்டமாகத்தான் இருந்தது. கண்டிப்பு பிள்ளைக்காக இருக்கணும், நம் கோபத்துக்காக இருக்கக் கூடாது என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். ஆசிரியர்களிடம் கேட்டு மீதியை எழுதுவேன்.

4. முடிந்தபோதெல்லாம் பிள்ளைகளை வெளியில் அழைத்துப் போவேன். நம் ஊரிலும் ஏரியும் வரப்பும் இருக்கிறது.

5. எந்த வயசில் வந்தாலும் முதல் எழுத்திலிருந்து சொல்லிக் கொடுப்பேன்.

ஐந்தாவதை மட்டும் டீச்சர் ஆகும்வரை தள்ளிப் போட வேண்டாம் என்று நினைக்கிறேன். வரும் ஜூனில் எங்கள் தெருப் பெண் நம் வகுப்புக்கு வந்தால் என் பக்கத்தில் இடம் வைத்திருப்பேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம் நான் கணக்கு சொல்லித் தருவேன். தமிழும் ஆங்கிலமும் யார் சொல்லித் தருகிறீர்கள்? விருப்பம் உள்ளவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்பவர்கள், அவள் தப்பாகப் படிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி