கோடு போடும் கையும் வாக்குப் போடும் கையும்: நெல்லையிலிருந்து இரட்டைமலை சீனிவாசனை வாசித்தல்

இரட்டைமலை சீனிவாசன் என்றதும் நம் நினைவுக்கு வருவது வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருக்கு அருகில் அமர்ந்திருந்த முதியவரின் உருவம். மணிமண்டபமும் அஞ்சல் தலையும் பிறந்தநாள் மாலையும் அவரை நமக்கு நினைவூட்டுகின்றன. ஆனால் அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விடாமல் எழுப்பிய கேள்வியை நாம் போதிய அளவு நினைவில் வைத்திருக்கவில்லை. நம்முடைய பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பவர் யார்? எந்த எல்லைக்குள் வாழ்பவர்களின் வாக்கு அவரைத் தீர்மானிக்கிறது? எல்லைகளைத் திருத்தியதன் பெயரால் ஐந்தாண்டுகள் ஊராட்சித் தேர்தலே இல்லாமல் கிடந்த திருநெல்வேலி மண்ணிலிருந்து அவரது வாழ்க்கையைத் திரும்பப் படிக்கும்போது, அந்தக் கேள்வி இன்றைக்கும் உயிரோடிருப்பதைக் காண்கிறோம்.

மனுவில் தொடங்கிய அரசியல்

செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859-இல் பிறந்தவர் சீனிவாசன். கோயம்புத்தூரில் படித்தார். நீலகிரியில் ஆங்கிலேய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணிபுரிந்தார். பண்டிதர் அயோத்திதாசர் மணந்தது இவருடைய சகோதரியை. உறவினர்களாக இருந்தும் இருவரும் அரசியலில் வேறு வேறு வழிகளில் நடந்தனர். சாதிப் பெயரை மறுத்துப் பௌத்த அடையாளத்தை மீட்பதில் விடுதலையைக் கண்டார் அயோத்திதாசர். இழிவாகக் கருதப்பட்ட பெயரையே பொதுவெளியில் உரக்கச் சொல்லி, அப்பெயரால் உரிமை கேட்க வேண்டும் என்று கருதினார் சீனிவாசன். 1891-இல் அவர் தொடங்கிய அமைப்பு பறையர் மகாஜன சபை. 1893-இல் தொடங்கிய இதழுக்கு அவர் வைத்த பெயர் பறையன்.

அந்த 1893-ஆம் ஆண்டிலேயே அவரது அரசியல் தெளிவாக வெளிப்பட்டது. இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கோரியது. மேலோட்டமாகப் பார்த்தால் இது நியாயமான கோரிக்கை. சீனிவாசனும் அவருடைய சபையினரும் ஆயிரக்கணக்கானோரிடம் கையொப்பம் திரட்டி, இதனை எதிர்த்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினர். கல்வி ஒரு சில சாதிகளின் கையில் குவிந்திருந்த காலத்தில், மாவட்டத்தை ஆளும் அதிகாரமும் அச்சாதிகளின் கைக்கே போனால் சேரியின் நிலை என்னவாகும் என்பதே அவர்களது அச்சம். ஆங்கிலேய விசுவாசி என்னும் பழி இதனால் அவர்மீது விழுந்தது. பிற்காலத்தில் அரசு அளித்த ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்கள் அப்பழியை வலுப்படுத்தின. அந்த விமர்சனத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதே வேளையில், அதிகாரம் உள்ளூருக்கு வரும்போது அது உள்ளூரில் எவர் கைக்குப் போகிறது என்று அவர் கேட்டதையும் மறக்கக் கூடாது. அதிகாரப் பரவலாக்கம் பற்றிப் பேசும் எவரும் இன்றும் விடை சொல்ல வேண்டிய கேள்வி அது.

சாலையும் கிணறும்

1900-இல் இலண்டன் செல்லும் எண்ணத்துடன் கப்பலேறிய சீனிவாசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் தங்கி, பின் தென்னாப்பிரிக்கா சென்று நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். 1921-இல் அவர் ஊர் திரும்பியபோது சென்னை மாகாணத்தின் அரசியல் மாறியிருந்தது. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி உள்ளாட்சித் துறை இந்திய அமைச்சர்களின் பொறுப்புக்கு வந்திருந்தது. வாக்குரிமையோ சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே இருந்தது. நிலமற்ற சேரி மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கே கிடையாது. எனவே ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகள் சட்டமன்றத்துக்குள் நியமனத்தின் வழியே நுழைந்தனர். எம். சி. இராஜா அவ்வாறே உறுப்பினரானார். 1923-இல் சீனிவாசனும் நியமிக்கப்பட்டார்.

1924-இல் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் அவரது வாழ்வின் பெரும் சாதனைகளுள் ஒன்று. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எந்தச் சாதியினரும் பயன்படுத்தத் தடையில்லை என்றது அத்தீர்மானம். அரசு அதனை ஏற்று ஆணையாகவும் வெளியிட்டது. அந்த ஆணை உள்ளாட்சித் துறையிலிருந்து பிறந்தது என்பதை இங்கே கவனிக்கிறோம். தெருவும் கிணறும் உள்ளாட்சிக் குழுக்களின் பொறுப்பில் இருந்தன. சென்னையில் நிறைவேறிய தீர்மானம் ஊரில் நடைமுறைக்கு வர வேண்டுமானால், தாலுகா போர்டிலும் நகராட்சியிலும் அமர்ந்திருப்பவர் அதைச் செயல்படுத்த வேண்டும். அங்கே அமர்ந்திருந்தவர்களோ பெரும்பாலும் நிலவுடைமையாளர்கள். ஆணை கோட்டையில் பிறந்து கிராமத்து எல்லையில் நின்றுவிட்டது.

இலண்டனும் எரவாடாவும்

1930-இல் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அம்பேத்கரும் சீனிவாசனும் கலந்துகொண்டனர். இருவரும் சேர்ந்து அளித்த அரசியல் பாதுகாப்புத் திட்டம் சம குடியுரிமையில் தொடங்கியது. சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்றது. வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை கேட்டது. தொடக்க காலத்துக்குத் தனி வாக்காளர் தொகுதியும் கேட்டது. தம் பிரதிநிதியைத் தம் மக்களே தேர்ந்தெடுக்கும் வரையில், அவர் யாருக்குக் கடன்பட்டவர் என்னும் ஐயம் தீராது என்பது இதன் உட்பொருள்.

இந்த நிலைப்பாட்டை எல்லாத் தலைவர்களும் ஏற்கவில்லை. தொடக்கத்தில் தனித் தொகுதியை ஆதரித்த எம். சி. இராஜா 1932-இல் இந்து மகாசபையின் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டு, ஒதுக்கப்பட்ட இடங்களுடன் கூடிய பொதுத் தொகுதியை ஆதரித்தார். அவரது வாதத்திலும் பொருள் இருந்தது. நம் வாக்கு தனியே பிரிந்துவிட்டால், பெரும்பான்மையினர் நம் வாக்கைத் தேடி வரவே தேவையில்லாமல் போகும். சீனிவாசனின் தரப்பு வேறொன்றை அஞ்சியது. பொதுத் தொகுதியில் பெரும்பான்மையினரே நம்முள் தமக்கு உகந்தவரைத் தெரிவு செய்வர். நமக்காகப் பேசுபவர் தோற்பார்.

1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு தனி வாக்காளர் தொகுதியை வழங்கியது. அதனை எதிர்த்துக் காந்தியார் செப்டம்பர் 20-இல் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கர், சீனிவாசன், இராஜா மூவரின் கையொப்பங்களும் அதில் உள்ளன. மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் கிடைத்தன. அவற்றுள் 30 சென்னை மாகாணத்துக்கு. தனி வாக்காளர் தொகுதி கைவிட்டுப் போனது. நம் வாக்காளர்கள் முதலில் நான்கு பேரைத் தெரிவு செய்ய, அந்நால்வருள் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் இரண்டு அடுக்கு முறை அதன் இடத்தில் வந்தது. 1937 தேர்தலில் சென்னை மாகாணத்து ஒதுக்கீட்டு இடங்களில் பெரும்பாலானவற்றைக் காங்கிரஸ் கைப்பற்றியது. தரகுக் கட்சி அரசியல் பற்றிய அச்சம் வெறுங்கற்பனையன்று என்பதை அது காட்டியது.

பூனா ஒப்பந்தம் பற்றிய நம் விவாதங்கள் பெரும்பாலும் சட்டமன்ற இடங்களோடு முடிந்துவிடுகின்றன. உள்ளாட்சித் தேர்தல்களைப் பற்றியும் அதில் ஒரு கூறு உண்டு. ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் என்பதால் உள்ளாட்சித் தேர்தலில் எவருக்கும் தகுதிக்குறைவு கூடாது, உரிய பிரதிநிதித்துவம் கிடைக்க எல்லா முயற்சியும் செய்யப்படும் என்பதே அதன் சாரம். சட்டமன்றத்துக்கு எண்ணிக்கை எழுதப்பட்டது. உள்ளாட்சிக்கு முயற்சி மட்டுமே எழுதப்பட்டது. அந்த முயற்சி நாடு முழுதுக்குமான அரசமைப்புக் கட்டாயமாக மாற 73, 74-ஆம் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்த 1993 வரை காத்திருக்க நேர்ந்தது. 1939-இல் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்ட சீனிவாசன் 1945 செப்டம்பர் 18-இல் மறைந்தார். ஊராட்சிக்கும் வார்டுக்கும் அரசமைப்பு வழங்கிய ஒதுக்கீட்டை அவர் காணவில்லை.

தாமிரபரணிக் கரையில்

எண்ணிக்கை எழுதப்பட்ட பின் நடந்ததையும் நாம் அறிவோம். மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 முதல் பத்தாண்டுகள் ஒதுக்கீட்டுப் பதவி செயல்பட முடியாமல் கிடந்தது. நம் மாவட்டமும் விலக்கன்று. நக்கலமுத்தன்பட்டி ஊராட்சித் தலைவர், அருந்ததியரான ஜக்கையன், 2006 நவம்பரில் கொல்லப்பட்டார். தாழையூத்து ஊராட்சித் தலைவராக இருந்த அருந்ததியர் பெண் 2011 ஜூனில் கொடூரமாக வெட்டப்பட்டு உயிர் தப்பினார். பட்டியல் சாதிகளுக்குள்ளும் எண்ணிக்கையில் சிறிய சமூகத்தவர் தலைமைக்கு வரும்போது தனிமை இன்னும் கூடுகிறது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் நமக்குச் சொல்கின்றன.

அரிவாள் கண்ணுக்குத் தெரியும் வன்முறை. எல்லைக்கோடு தன் வேலையை ஓசையின்றிச் செய்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. 2017-இல் மாநில எல்லை மறுவரையறை ஆணையச் சட்டம் வந்தது. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. புதிய எல்லைகளுக்கு ஏற்ப வார்டுகளை வரையறுக்காமல் தேர்தல் நடத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் டிசம்பரில் கூறியதால், 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தபோது நெல்லையும் தென்காசியும் உள்ளிட்ட 9 மாவட்டங்கள் விடுபட்டன. இங்கே தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். முழுமையாக ஐந்தாண்டுகள், ஒரு பதவிக்காலமே, தனி அலுவலர்களின் ஆட்சியில் கழிந்தது. குடிநீருக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் காலனி மக்கள் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் ஊரில் இல்லை. நகர்ப்புறத் தேர்தலோ 2022 பிப்ரவரியில்தான் நடந்தது.

காலதாமதம் ஒரு பக்கம் என்றால், கோடு எங்கே விழுகிறது என்பது மறுபக்கம். ஓர் ஊராட்சியில் காலனி ஒரே வார்டுக்குள் இருந்தால் அதன் வாக்கு ஓர் உறுப்பினரை உறுதியாகத் தரும். அதே காலனியின் நடுவே கோடு போட்டு, பாதியை மேலத்தெருவோடும் பாதியைக் கீழத்தெருவோடும் சேர்த்தால் இரு வார்டிலும் அது சிறுபான்மை. இதற்கு நேர்மாறான தந்திரமும் உண்டு. இரண்டு மூன்று வார்டுகளில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் அளவுக்குப் பரவியிருக்கும் மக்களை ஒரே வார்டுக்குள் அடைத்துவிட்டால், அந்த ஒன்றைத் தந்துவிட்டு மற்றவற்றில் எவரும் அவர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. இரண்டாவது நிலையில் இராஜாவின் அச்சம் மெய்யாகிறது. முதல் நிலையில் சீனிவாசனின் அச்சம் மெய்யாகிறது.

ஒதுக்கீட்டு வார்டுகளைத் தீர்மானிக்கும்போது பட்டியல் சாதியினரின் விகிதமே முதன்மையாகப் பார்க்கப்படுகிறது. எனவே கோடு மாறினால் விகிதம் மாறும். விகிதம் மாறினால் ஒதுக்கீடும் இடம் மாறும். இந்தக் கணக்குக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நெல்லை, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூரும் இணைந்து 1994-இல் உருவான திருநெல்வேலி மாநகராட்சியில் இன்று 55 வார்டுகள். டவுண் ரத வீதிகளைச் சுற்றியுள்ள பழைய தெருக்களுக்கும், புறநகரில் பெருகிய குடியிருப்புகளுக்கும் இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மக்கள்தொகை ஒரே விதமாகவா மாறியிருக்கும்?

அடுத்த கோட்டுக்கு முன்

அடுத்த கணக்கெடுப்பு 2027-இல் முடிவடைய இருக்கிறது. அதன் பின் வார்டு எல்லைகள் மீண்டும் வரையப்படும். வரைவுப் பட்டியல் வெளியாகும். ஆட்சேபணை தெரிவிக்கச் சில நாட்கள் தரப்படும். கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். ஊரில் செல்வாக்குள்ளோர் தெரு எண்ணும் கதவு எண்ணும் கையில் வைத்துக்கொண்டு அங்கே வருவர். நம் தரப்பு பெரும்பாலும் தேர்தல் அறிவிப்பு வந்த பின்னரே விழிக்கிறது. இறுதி அரசாணை வந்துவிட்ட பிறகு நீதிமன்றங்கள் எல்லை வரையறையில் தலையிடத் தயங்குகின்றன; தேர்தல் தொடங்கிய பின் அரசமைப்பே அதற்குத் தடை போடுகிறது.

ஆகவே கல்லூரி மாணவர்களிடமும் களச் செயல்பாட்டாளர்களிடமும் நாம் கேட்பது எளிய வேலை. உங்கள் ஊராட்சியின் இப்போதைய வார்டு எல்லை அறிவிப்பின் படியைப் பெறுங்கள். காலனியின் ஒவ்வொரு தெருவும் எந்த வார்டில் இருக்கிறது என்று நடந்து பார்த்து எழுதுங்கள். வீடுகளையும் வாக்காளர்களையும் எண்ணுங்கள். காலனி பிளக்கப்பட்டிருந்தால் எத்தனை வாக்கு எங்கே போயிற்று என்று எண்ணால் காட்டுங்கள். பட்டியல் சாதிகளுள் சிறிய சமூகத்தவரையும் அந்த வேலையில் உடன் சேருங்கள். வரைவு வெளியாகும் நாளில் மனு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இது பெரிய புரட்சியாகத் தோன்றாமல் இருக்கலாம். மனு கொடுக்கச் செல்வதே உயிரைப் பணயம் வைப்பதாகும் என்பதை 1999 ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்தில், ஆட்சியரிடம் முறையிடச் சென்ற ஊர்வலம் தடியடிக்கு ஆளாகித் தாமிரபரணியில் 17 உயிர்களை இழந்தபோது இவ்வூர் கண்டது. ஆயினும் வீடு வீடாகக் கையொப்பம் திரட்டி, கடல் கடந்த நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியவரின் வழிவந்தவர்கள் நாம். அன்று வாக்கே இல்லாத மக்கள் அதைச் செய்தார்கள். இன்று நம் கையில் வாக்கும் இருக்கிறது. அது செல்லும் எல்லைக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.