மேசையில் கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் விஞ்ஞானி

இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி உங்க மேசையை ஒரு தடவை பாருங்க. லேப்டாப், அதுக்கு அடியில கூலிங் பேட், வயர்லெஸ் மவுஸ், ஹெட்போன், எல்லா ஓட்டையும் நிரம்பிப்போன எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நானும் போன செமஸ்டர்ல காசு சேர்த்து ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினேன். தட்டுற சத்தம் அருமையா இருக்கு. கோடு மட்டும் பழையபடி தப்பாவே வருது.

இப்போ இன்னொரு மேசையைக் காட்டுறேன். நெதர்லாந்தில் நூனன் என்ற சின்ன ஊர். அங்கே ஒரு வீட்டின் மாடி அறை. வருஷம் 1970-களின் நடுப்பகுதி. மேசை மேல வெள்ளைத் தாள், பக்கத்தில ஒரு ஃபவுண்டன் பேனா. கம்ப்யூட்டர் கிடையாது. அங்கே உட்கார்ந்து எழுதுறவர் 1972-இல் டூரிங் விருது வாங்கியவர். பெயர் எட்ஸ்கர் விபே டைக்ஸ்ட்ரா.

ஆமாங்க, அதே டைக்ஸ்ட்ராதான். அல்காரிதம் பேப்பர்ல குறைந்த தூரப் பாதை கண்டுபிடிக்கச் சொல்லி நம்மைப் படுத்துற அதே பெயர். ஓ.எஸ். பாடத்தில வர்ற செமஃபோரும் அவர் தந்ததுதான்.

1930-இல் ராட்டர்டாமில் பிறந்தார். அப்பா வேதியியல்காரர், அம்மா கணிதம் படித்தவர். லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும்போதே, 1952-இல் ஆம்ஸ்டர்டாமின் கணித மையத்தில் புரோகிராமராகச் சேர்ந்தார். அப்போ அது யாருக்கும் தெரியாத வேலை. 1957-இல் கல்யாணப் பதிவின்போது தொழில் என்ற இடத்தில் புரோகிராமர் என்று சொல்லியிருக்கிறார். அப்படி ஒரு தொழிலே இல்லை என்று அதிகாரிகள் ஏற்க மறுத்துவிட்டார்கள். கடைசியில் தத்துவார்த்த இயற்பியலாளர் என்று எழுதவேண்டியதாயிற்று.

அவர் வேலை கற்ற விதம்தான் இங்கே முக்கியம். மையத்தில் அவருடைய நண்பர்கள் லூப்ஸ்ட்ராவும் ஷோல்டனும் கம்ப்யூட்டரைக் கட்டுவார்கள். அவர்கள் கட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த மெஷினுக்கான புரோகிராம்களை இவர் எழுதணும். ஓட்டிப் பார்க்க மெஷினே இல்லை! தப்பு இருக்கா என்று தாளிலேயே யோசித்துத்தான் தீர்க்கணும். ரன் பட்டனை அழுத்திப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வராமலே போனதற்கு இது ஒரு பெரிய காரணம்.

1956-இல் ஆர்மாக் என்ற புதிய கம்ப்யூட்டரைப் பொதுமக்களுக்குக் காட்ட ஒரு விழா. சாதாரண ஆளுக்கும் புரியற மாதிரி ஒரு கணக்கு வேணும். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குக் குறைந்த தூரத்தில் எப்படிப் போவது என்ற கேள்வியை அவர் எடுத்துக்கொண்டார். ஒருநாள் வருங்கால மனைவி ரியாவோடு ஆம்ஸ்டர்டாமில் கடைகளுக்குப் போய்விட்டு, களைத்துப்போய் ஒரு காபிக் கடை வாசலில் உட்கார்ந்தார். சுமார் 20 நிமிஷத்தில் விடை கிடைத்தது. கையில் பேனா, தாள்கூட இல்லை. அதனாலதான் அது அவ்வளவு எளிமையாக அமைந்தது என்று பின்னாளில் அவரே கருதினார். மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், தேவையில்லாத சிக்கலைத் தூக்கிப் போட்டே ஆகணும் இல்லையா? விழாவில் 64 ஊர்கள் கொண்ட நெதர்லாந்து வரைபடத்தில் அதை ஓட்டிக் காட்டினார்கள். கட்டுரையாக வெளிவந்தது 1959-இல்தான்.

அடுத்த வருஷம் சோனஃபெல்ட் என்ற நண்பரோடு சேர்ந்து ஆல்கால் 60 மொழிக்குக் கம்பைலர் எழுதினார். முடியும்வரை சவரம் செய்வதில்லை என்று இருவரும் சபதம். வேலை முடிந்ததும் சோனஃபெல்ட் தாடியை எடுத்துவிட்டார். இவர் வைத்துக்கொண்டார்.

1973-இல் பரோஸ் கம்ப்யூட்டர் நிறுவனம் அவரை ஆராய்ச்சியாளராக எடுத்துக்கொண்டது. அலுவலகம் எது தெரியுமா? நாம பார்த்த அந்த மாடி அறைதான். இன்றைய பாஷையில் வொர்க் ஃப்ரம் ஹோம். அங்கிருந்து அவர் குறிப்புகளாக எழுதித் தள்ளினார். ஒவ்வொன்றிலும் தன் பெயரின் முதல் எழுத்துகளான இ.டபிள்யூ.டி., கூடவே ஒரு வரிசை எண். ஆரம்பத்தில் டைப்ரைட்டர், பிறகு பேனா. மான்ட் பிளாங்க் ஃபவுண்டன் பேனா மேல அவருக்குத் தனிப் பிரியம். அச்சடித்த மாதிரி தெளிவான கையெழுத்து. அடித்தல் திருத்தல் அபூர்வம். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கணும் என்று ஒரு குறிப்பே எழுதியவர், பக்க எண்ணையும் பூஜ்யத்திலிருந்துதான் போட்டார்.

எழுதியதை நகலெடுத்துத் தபாலில் சிலருக்கு அனுப்புவார். அவர்கள் நகலெடுத்து மற்றவர்களுக்கு அனுப்புவார்கள். இப்படியே உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் கையெழுத்தில் மயங்கி, லூகா கார்டெல்லி என்ற விஞ்ஞானி அதை மேக்கின்டாஷுக்கு ஒரு ஃபான்ட்டாகவே செய்துவிட்டார்.

கருவிகளை வெறுத்த மனுஷன் என்று நினைச்சுடாதீங்க. வீட்டில் டி.வி. இல்லை, ஆனா பியோசன்டார்ஃபர் பியானோ இருந்தது. மொசார்ட் என்றால் உயிர். ஊர் சுற்ற ஒரு ஃபோக்ஸ்வாகன் வேன் வைத்திருந்தார். அதற்கு டூரிங் மெஷின் என்று பெயர். ஆலன் டூரிங்கின் பெயரும் சுற்றுலா என்ற சொல்லும் ஒரே ஒலியில் வருவதை வைத்து ஒரு கடி ஜோக். 1984-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு, ஆஸ்டின் நகருக்குப் போனார். பிற்காலத்தில் ஒரு மேக்கின்டாஷும் வந்தது. ஈமெயிலுக்கும் இணையம் பார்க்கவும் பயன்படுத்தினார். யோசிக்கிற வேலைக்குப் பேனாதான். கையில் இருக்கும் கருவி நம் சிந்தனைப் பழக்கத்தையே மாற்றிவிடும் என்பது அவர் நம்பிக்கை. அதனால எதைக் கையில் எடுப்பது என்பதில் அவ்வளவு கறார்.

எல்லாரும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. நூறு பேர் சேர்ந்து எழுதும் பெரிய சாஃப்ட்வேரைத் தாளில் நிரூபித்து முடிக்க முடியுமா என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம்ம ஃபைனல் இயர் புராஜெக்டையும் பேனாவால முடிக்க முடியாது.

புற்றுநோய் வந்து, நாள் அதிகமில்லை என்று தெரிந்ததும் நூனனுக்கே திரும்பினார். 2002 ஏப்ரலில் 1318-ஆம் குறிப்பை எழுதினார். அதுதான் கடைசி. ஆகஸ்ட் 6-இல் காலமானார். அந்தக் குறிப்புகளை டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. இன்னைக்கு ராத்திரி ஒண்ணைத் திறந்து பாருங்க. ஓடுதா என்று மெஷினைக் கேட்காமல், இது ஏன் சரி என்று தன்னையே கேட்டுக்கொண்ட ஒருத்தரின் கையெழுத்து அது.

அடுத்த லேபுக்கு நான் ஒரு ஏ4 தாளும் ஜெல் பேனாவும் எடுத்துட்டுப் போறேன். முதல் 10 நிமிஷம் கீபோர்டைத் தொடமாட்டேன். நீங்களும் வர்றீங்களா?