'மாணவன்' எனப் பெயர் பூண்ட மேதை

தம் பெயர் உலகெங்கும் விளங்க வேண்டுமென்று பாடுபடுவோர் பலர். தம் பெயரை மறைத்து, 'மாணவன்' என்ற புனைபெயரில் அறிவுலகிற்குத் தொண்டாற்றியவர் ஒருவர் உண்டு. அவரே வில்லியம் சீலி காசெட்.

1876 ஜூன் 13-இல் இங்கிலாந்தின் கான்டர்பரி நகரில் பிறந்த இவர், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் பயின்றார். 1899-இல் அயர்லாந்தின் டப்ளினில் இருந்த கின்னஸ் பீர் ஆலையில் பணியேற்றார். ஆலைக்கு வேண்டிய பார்லியின் தரத்தை ஆராய்கையில் ஓர் இடையூறு எழுந்தது. நான்கைந்து சோதனைகளின் அளவுகளே கையில் இருக்கும். அன்றைய புள்ளியியல் முறைகளோ ஏராளமான அளவுகளுக்கே பொருந்தின.

விடை தேடி, 1906-இல் லண்டன் சென்று கார்ல் பியர்சனிடம் பயின்றார். 3000 பேரின் உயரத்தையும் விரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காக 750 தொகுதிகளாக்கித் தம் கணக்கைச் சோதித்தார். சான்று குறையக் குறைய, ஐயத்திற்கு எவ்வளவு கூடுதல் இடம் தரவேண்டும் என்பதைக் கண்டறிந்தார். ஊழியர் சொந்தப் பெயரில் ஆய்வுகளை வெளியிட ஆலை இசையாததால், 1908-இல் 'பயோமெட்ரிகா' இதழில் அக்கட்டுரை 'ஸ்டூடன்ட்', அதாவது 'மாணவன்' என்ற பெயரில் வெளிவந்தது.

பின்னர் ரொனால்டு ஃபிஷர் இம்முறையைத் தொடர்புப் போக்குக் கணக்கிற்கும் விரிவாக்கினார். 'நம்பிக்கை இடைவெளி' என்னும் கருத்தை 1930-களில் ஜெர்சி நெய்மன் வகுத்தார். எருவைக் கூட்டினால் விளைச்சல் எவ்வளவு கூடும் என்று கேட்டால், கணினி ஒரு மதிப்பையும் அதன் திட்டப்பிழையையும் தருகிறது. திட்டப்பிழையைக் காசெட் வழிவந்த ஓர் எண்ணால் பெருக்கி, அம்மதிப்போடு கூட்டியும் கழித்தும் பார்த்தால் இடைவெளியின் இரு எல்லைகளும் கிடைக்கும். 95 விழுக்காடு நம்பிக்கைக்கு, வயல்கள் மிகப் பலவானால் அவ்வெண் 1.96, ஆறே வயல்களானால் 2.776. அதாவது, இம்முறையைப் பலமுறை கையாண்டால், நூற்றுக்குச் சுமார் 95 தடவை உண்மை மதிப்பு இடைவெளிக்குள் அடங்கும். இன்று ஒரு கட்டளையில் கணினி இதனை அச்சிட்டுத் தருகிறது.

பியர்சனும் ஃபிஷரும் ஒருவரோடொருவர் பிணங்கியபோதும் காசெட் இருவருக்கும் நண்பராகவே இருந்தார். 1937 அக்டோபர் 16-இல் மறைந்தார்.

ஒரே எண்ணைச் சொல்லி நிறுத்துவது எளிது. அது எவ்வளவு தவறக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. குறைந்த சான்றை வைத்துக்கொண்டு பிறரைப் பற்றி உறுதியாகத் தீர்ப்புரைக்கும் வேளையில், நாமும் இந்த 'மாணவனை' நினைவிற்கொள்வோம். அறிவுக்கு அணிகலன் தாழ்ச்சியே.