கிளேர் பேட்டர்சன்

கிளேர் கேமரன் பேட்டர்சன் (ஜூன் 2, 1922 - டிசம்பர் 5, 1995) ஓர் அமெரிக்கப் புவிவேதியியலாளர். புவியின் வயதைத் துல்லியமாகக் கணித்தவர். பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயத்தால் சூழல் மாசடைவதை வெளிப்படுத்தியவரும் இவரே.

வாழ்க்கை

அயோவா மாநிலத்தில் மிட்செல்வில் என்னும் ஊரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது மன்ஹாட்டன் திட்டத்தில் பணியாற்றினார். 1951ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1952ல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார்.

புவியின் வயது

யுரேனியம் குறிப்பிட்ட வீதத்தில் சிதைந்து ஈயமாக மாறுகிறது. எனவே, ஈய ஐசோடோப்புகளின் விகிதங்களைக் கொண்டு பாறையின் வயதைக் கணிக்கலாம். புவியின் தொடக்ககாலப் பாறைகள் எஞ்சவில்லை. ஆதலால், சூரியக் குடும்பம் உருவானபோது தோன்றிய விண்கற்களைப் பேட்டர்சன் ஆராய்ந்தார். காற்றிலும் கருவிகளிலும் படிந்திருந்த ஈயம் அளவீடுகளைக் கெடுத்தது. இதைத் தவிர்க்க மிகத் தூய்மையான ஆய்வகம் ஒன்றை அமைத்தார். புவியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்னும் முடிவை 1956ல் வெளியிட்டார். இன்று ஏற்கப்படும் மதிப்பு ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள் ஆகும்.

ஈய மாசு

ஆய்வகத்தைக் கெடுத்த ஈயம் எங்கிருந்து வந்தது என்பதை அடுத்து ஆராய்ந்தார். ஆழ்கடல் நீரைவிட மேற்பரப்பு நீரிலும், பழைய பனியைவிடப் புதிய பனியிலும் ஈயம் மிகுந்திருந்தது. இதற்கு மனிதரின் செயல்களே காரணம் என 1965ல் எழுதினார். ஈயத் தொழில்துறை இதைக் கடுமையாக எதிர்த்தது. அவருக்குக் கிடைத்த ஆய்வு நிதியும் குறைந்தது. ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் 1996 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் அவர் காலமானார்.