21 வயசுல ஃப்ரெடி மெர்க்குரி

ரெண்டு தடவை கால் தட்டு, ஒரு கைதட்டு. கல்ச்சுரல்ஸோ கிரிக்கெட் மேட்சோ, இந்தத் தாளம் கேட்டா நாமளும் சேர்ந்துடுவோம். குயின் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 1977ஆம் வருடப் பாட்டு அது. எழுதியவர் கிட்டாரிஸ்ட் பிரையன் மே. பாடிய குரல் ஃப்ரெடி மெர்க்குரியுடையது. ப்ளேஸ்மென்ட் டென்ஷனுக்கு நடுவுல அவர் கதையைத்தான் படிச்சிட்டு இருந்தேன்.

1946 செப்டம்பர் 5 அன்று, கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் ஃபரோக் பல்சாரா. எட்டு வயசுல ஹாஸ்டல் வாழ்க்கை. இன்றைய மகாராஷ்டிராவில் இருக்கும் பஞ்ச்கனியில் ஸ்கூல். அங்கே பியானோ கற்றார், நண்பர்களோடு ஹெக்டிக்ஸ் என்ற பேண்டில் வாசித்தார். 1964ல் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. உயிர் தப்பினால் போதும் என்று குடும்பம் இங்கிலாந்துக்குக் கிளம்பியது. அப்போ அவருக்கு 17.

21 வயசுல லண்டன் ஈலிங் கலைக் கல்லூரியில் ஸ்டூடண்ட். 1969ல் கிராஃபிக் டிசைன் டிப்ளமோ கையில் வந்தது. ஆனா வேலை? கென்சிங்டன் மார்க்கெட்டில் நண்பர் ரோஜர் டெய்லரோடு பழைய துணி விற்றார். ஹீத்ரோ ஏர்போர்ட்டில் பெட்டி தூக்கினார். பாடிய சின்னச் சின்ன பேண்டுகள் எதுவும் நிலைக்கவில்லை.

1970ல் டெய்லர், மே இருவரோடும் சேர்ந்தார். குழுவுக்கு குயின் என்று பெயர் வைத்தவர் அவர்தான். தன் பெயரையும் மெர்க்குரி என்று மாற்றிக்கொண்டார். அடுத்த வருடம் பேஸ் கிட்டாருக்கு வந்த ஜான் டீக்கன் நம்ம ஆளு, எலெக்ட்ரானிக்ஸ் படிச்சவர். நாலு பேர் ராசியையும் சேர்த்து குழுவின் சின்னத்தை ஃப்ரெடியே வரைந்தார். டிப்ளமோ வீண் போகல!

முதல் ஆல்பம் வந்தது 1973ல். 1975ல் அவர் எழுதிய பொஹீமியன் ராப்சடி கிட்டத்தட்ட ஆறு நிமிஷம். நடுவில் ஓபரா, முடிவில் ராக், திரும்பத் திரும்ப வரும் பல்லவியே கிடையாது. இவ்வளவு நீளப் பாட்டை ரேடியோவில் யார் போடுவார்கள் என்று கம்பெனி தயங்கியது. அவர் வெட்ட மறுத்தார். மூணு பேர் குரலையே அடுக்கடுக்காகப் பதிவு செய்து ஒரு கோரஸ் கூட்டத்தையே உருவாக்கினார்கள். பிரிட்டனில் 9 வாரம் அதுதான் நம்பர் 1.

1985 ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக வெம்ப்ளி ஸ்டேடியத்தில் லைவ் எய்டு கச்சேரி. சுமார் 20 நிமிஷம்தான் மேடை கிடைத்தது. மொத்த ஸ்டேடியமும் அவர் கை அசைவுக்குக் கை தட்டியது.

1987ல் எய்ட்ஸ் என்று தெரியவந்தது. வெளியே சொல்லவில்லை, வேலையையும் நிறுத்தவில்லை. ஓபரா பாடகி மொன்செராட் கபாயேவோடு 1988ல் பார்சிலோனா ஆல்பம். 1991ல் உடம்பு ஒத்துழைக்காத நிலையிலும் ஸ்டூடியோவுக்குப் போய், முடிந்தவரை பாடிப் பதிவு செய்து வைத்தார். நவம்பர் 23 அன்று நோயை உலகத்துக்கு அறிவித்தார். மறுநாள் இறந்தார். வயது 45.

அந்த டிசம்பரில் பொஹீமியன் ராப்சடி மறுபடி நம்பர் 1 ஆனது. வருமானம் எய்ட்ஸ் தொண்டு நிறுவனத்துக்குப் போனது.

எனக்கு இன்னும் ஆஃபர் லெட்டர் வரல. பெட்டி தூக்கிய அந்த 23 வயசுக்காரருக்கும் வரல. அவர் பாடுறதை மட்டும் நிறுத்தவே இல்ல. நாளைக்கு இன்னொரு இன்டர்வியூ இருக்கு, போயிட்டு வரேன்.