60 பிரதிகளில் உலகை எட்டிய ஆய்வு: நரம்பியல் மேதை கஹால்

1888 மே மாதம் ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் புதிய மருத்துவ ஆய்விதழ் ஒன்று வெளிவந்தது. அச்சிடப்பட்டவை 60 பிரதிகள் மட்டுமே. கட்டுரைகளை எழுதியவர், படங்களை வரைந்தவர், அச்சுச் செலவை ஏற்றவர் எல்லாம் ஒருவரே. அவர்தான் நவீன நரம்பியலின் தந்தை எனப் போற்றப்படும் சந்தியாகோ ரமோன் இ கஹால்.

1852இல் நாட்டுப்புற மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்த கஹாலுக்குப் பள்ளிப் பாடம் கசந்தது. படம் வரைவதே இனித்தது. கண்டிப்பான தந்தை அவரை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் வேலை பழக விட்டார். பின்னர் இடுகாட்டிலிருந்து எலும்புகளைச் சேகரித்து வந்து உடற்கூறு கற்பித்தார். எலும்புகளை வரைந்து பழகிய மகனுக்கு மருத்துவத்தின் மீது ஈர்ப்பு பிறந்தது. 1873இல் பட்டம் பெற்றார். ராணுவ மருத்துவராகக் கியூபா சென்றவர், மலேரியாவால் உடல் நலிந்து 1875இல் நாடு திரும்பினார்.

1887இல் அவர் வாழ்வு திசை மாறியது. இத்தாலியின் கமில்லோ கோல்ஜி கண்டறிந்திருந்த, நரம்பணுக்களைக் கறுப்பாக்கிக் காட்டும் முறையை மட்ரிட்டில் லூயிஸ் சிமாரோ அவருக்குக் காட்டினார். நரம்பு மண்டலம் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே வலை என்பதே அன்று பலரின் கருத்து. பறவைகளின் சிறுமூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த கஹாலோ, ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனியானது என்று கண்டார்.

ஆனால், ஸ்பானிய மொழியில் வந்த ஆய்வை வெளிநாட்டு அறிஞர்கள் படிக்கவில்லை. இதழ்ப் பிரதிகளைப் பெரும்பாலும் அவர்களுக்கே அனுப்பியும் பலன் குறைவு. கஹால் சோர்ந்துவிடவில்லை. 1889இல் சொந்தச் செலவில் பெர்லின் மாநாட்டுக்குச் சென்று, தம் கண்ணாடித் தகடுகளை நுண்ணோக்கியில் வைத்து, தட்டுத்தடுமாறிய பிரெஞ்சு மொழியில் விளக்கினார்.

அவற்றை உற்றுப் பார்த்து வியந்தவர்களில் ஒருவர் ஜெர்மனியில் பெரும் மதிப்புப் பெற்றிருந்த ஆல்பர்ட் வான் கொல்லிக்கர். எழுபது வயதைக் கடந்திருந்த அவர், கஹாலின் கட்டுரைகளைப் படிப்பதற்காகவே ஸ்பானிய மொழி கற்றார். தாம் அதுவரை ஏற்றிருந்த வலைக் கொள்கையையும் கைவிட்டார். அதன் பின் கஹாலின் பெயர் ஐரோப்பிய ஆய்வுகளில் இடம்பெறலாயிற்று.

1906ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை கஹாலும் கோல்ஜியும் பகிர்ந்துகொண்டனர். வேடிக்கை என்னவென்றால், பரிசேற்பு உரையிலும் கோல்ஜி வலைக் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. கஹாலின் முடிவே சரி என்பதை 1950களில் மின்னணு நுண்ணோக்கி உறுதிசெய்தது. அதற்கு முன்பே, 1934இல், கஹால் காலமாகியிருந்தார்.

அவர் விட்டுச்சென்ற ஆய்வுக் கட்டுரைகள் நூற்றுக்கும் அதிகம். கையால் வரைந்த மூளைப் படங்கள் இன்றும் பாடநூல்களில் உள்ளன. அவருடைய எழுத்துகளை ஆய்வாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகின்றனர். 1888இல் படிக்க ஆளின்றிக் கிடந்த ஆய்வுக்கு நூறாண்டு கடந்தும் வாசகர்கள் இருக்கிறார்கள்.