புனித சவேரியாரும் நாம் பெற்ற ஞானஸ்நானமும்

யூபிலி விழாவை முன்னிட்டு நம் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடுகளை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தோம். முதல் ஏட்டில் மை மங்கியிருக்கிறது. ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. ஆயினும் பெயர்கள் அழியவில்லை. சவரிமுத்து, சவேரியார், சவேரியம்மாள் என்று பக்கத்துக்குப் பக்கம் ஒரே புனிதரின் பெயர் வருகிறது. பாட்டனுக்கு இட்ட பெயரைப் பேரனுக்கு இட்டு மகிழும் நம் மக்களுள் பலர், அப்பெயருக்குரியவர் நம் ஞானஸ்நானத்துக்காக என்ன பாடுபட்டார் என்பதை அறியார். ஆதலால் அவருடைய வரலாற்றைச் சுருக்கமாக இங்கே எழுத முற்படுகிறோம்.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், நவார் நாட்டிலுள்ள சவேரியார் கோட்டையில் உயர்குடியில் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். அடுத்த ஆண்டு போரின் விளைவாகக் கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டன. குடும்பத்தின் பெருமையைக் கல்வியால் மீட்கலாம் என்று எண்ணி, 1525இல் பாரிஸ் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்று, அங்கேயே தத்துவம் கற்பிக்கும் ஆசிரியருமானார். அவரோடு ஒரே அறையில் தங்க வந்த இஞ்ஞாசியார்தாம் அவர் உள்ளத்தை மெல்ல மெல்ல மாற்றினார். 1534ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் மோன்மார்த்தர் குன்றில் எழுவர் இறைவனுக்கு வார்த்தைப்பாடு கொடுத்தனர்; அவர்களுள் ஒருவர் சவேரியார். 1537இல் வெனிஸ் நகரில் குருப்பட்டம் பெற்றார். 1541இல், சரியாகத் தம் முப்பத்தைந்தாம் பிறந்த நாளன்று, லிஸ்பனில் கப்பலேறி, 13 மாதம் பயணம் செய்து, 1542 மே 6ஆம் நாள் கோவா வந்து சேர்ந்தார்.

அதே ஆண்டின் இறுதியில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடி, மணப்பாடு, புன்னைக்காயல் என்று நீளும் அந்தக் கடற்கரையில் அவர் கண்ட நிலையை நாம் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன் அங்குள்ள பரதவர் பெரும் துன்பத்தில் இருந்தனர். முத்துக்குளிப்பில் எழுந்த பகையினால் தொழிலும் உயிரும் ஆபத்துக்குள்ளாயின. யோவான் த குரூஸ் என்ற குதிரை வணிகரின் யோசனைப்படி அவர்கள் கொச்சிக்குத் தூது அனுப்பிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டனர். பாதுகாப்பும் கிடைத்தது, ஞானஸ்நானமும் கிடைத்தது. 1537க்குள் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர் என்பர். ஆனால் ஞானஸ்நானம் கொடுத்த குருக்கள் திரும்பிப் போய்விட்டனர். பூசை வைக்க ஆளில்லை, செபம் சொல்லித் தர ஆளில்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது ஒன்று மட்டுமே அம்மக்களுக்குத் தெரிந்திருந்தது.

தலையில் ஊற்றிய தண்ணீர் காய்ந்துவிட்டது, உள்ளத்தில் இன்னும் இறங்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதே சவேரியாரின் வேலையாயிற்று. அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, பல நாள் உழைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை ஆகியவற்றைத் தமிழில் ஆக்கினார். அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அடித்துச் சென்று சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டினார். பாரிஸ் நகரில் அரிஸ்டாட்டிலை விளக்கியவர், கடற்கரை மணலில் நின்று பிள்ளைகளோடு பிள்ளையாய்த் திக்கித் திக்கித் தமிழ் சொன்னார்.

அவர் அன்று செய்த ஒரு திருத்தத்தை நம் பங்கு மக்கள் அனைவரும் அறிய வேண்டும் என்பது நம் ஆவல். முதலில் செய்த மொழிபெயர்ப்பில், விசுவாசப் பிரமாணத்தில் வேண்டும் என்ற சொல் புகுந்துவிட்டது. கடவுளை விசுவசிக்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மக்கள் எனக்கு வேண்டும் என்று சொல்லி வந்தனர். இதை அறிந்த சவேரியார், 1544இல் தம் உடன்ஊழியரான மன்சிலாசுக்குக் கடிதம் எழுதி, வேண்டும் என்பதை எடுத்துவிட்டு விசுவாசம் என்ற சொல்லை அங்கே வைக்கும்படி பணித்தார். ஒரு சொல்தான் மாறியது. ஆனால் ஞானஸ்நானத்தின் பொருள் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

அதற்காக அவர் அம்மக்களை இகழ்ந்தாரில்லை. பாதுகாப்பு வேண்டி வந்தவர்கள்தானே என்று தள்ளிவிடவில்லை. மறுபடியும் ஞானஸ்நானம் கொடுக்கவும் இல்லை. ஒருமுறை பெற்ற ஞானஸ்நானம் ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கிறது என்பது திருச்சபையின் போதனை. அந்த முத்திரைக்குரிய வாழ்வை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். குழந்தைகளுக்குக் கணக்கின்றி ஞானஸ்நானம் கொடுத்ததில் கை சோர்ந்தது, பிரமாணத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னதில் குரல் அடைத்தது என்பதை அவர் கடிதங்களிலிருந்து அறிகிறோம். மூன்று நாள் பிரசவ வேதனைப்பட்டுப் பிழைப்பாளோ என்றிருந்த ஒரு தாயிடமும் அவர் அவசரப்படவில்லை. துணைக்கு வந்த தமிழ் அறிந்தவர் வாயிலாகப் பிரமாணத்தை எடுத்துரைத்து, அவள் சம்மதம் கேட்ட பிறகே திருமுழுக்குக் கொடுத்தார். அவள் உடனே பிள்ளை பெற்றாள். கணவனும் பிள்ளைகளும் பிறந்த குழந்தையும் அன்றே ஞானஸ்நானம் பெற்றனர்.

1544இன் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் 10,000க்கும் மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அத்தனை கூட்டத்திலும் ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். மந்தை மந்தையாக வந்தவர்களை அவர் ஒவ்வோர் ஆளாகவே பார்த்தார். ஊர்தோறும் உபதேசியார்களை ஏற்படுத்தி, போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று அக்கரையிலிருந்து சென்ற பணத்தை அவர்களுடைய சம்பளத்துக்குக் கேட்டுப் பெற்றார். 1544 ஜூனில் வடுகப் படை தாக்கியபோது, குமரி முனையில் கடற்பாறைகளில் ஒளிந்து பசியால் வாடிய தம் மக்களுக்கு உணவோடு 20 தோணிகளில் புறப்பட்டார். எதிர்காற்று தடுத்தபோது நடந்தே சென்றார். அதே ஆண்டில் மன்னாரில் புதிதாய் ஞானஸ்நானம் பெற்ற சுமார் 600 பேரை யாழ்ப்பாண மன்னன் கொல்வித்தான். பாதுகாப்புக்காகக் கேட்கப்பட்ட ஞானஸ்நானம் ஒரு கடற்கரையில் தொடங்கிற்று. உயிரைக் கொடுத்துக் காக்கப்பட்ட ஞானஸ்நானம் மறு கடற்கரையில் நின்றது.

நம் செங்கற்பட்டு நாட்டுக்கும் இப்புனிதருக்கும் உறவு உண்டு. 1545ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று அவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். காற்று எதிர்த்தமையால் திரும்ப நேர்ந்தது. ஆகவே தரைவழியாக மயிலாப்பூருக்கு வந்தார். நாகையிலிருந்து நடந்து வருபவர் பாலாற்றைக் கடக்காமல் மயிலை சேர முடியாது. சித்திரை வெயிலில் மணலாய்க் கிடக்கும் அந்த ஆற்றில் நாம் கால் வைக்கும்போது, ஒரு புனிதரின் காலும் பட்ட நாடு இது என்று நினைத்துக்கொள்ளலாம். அப்போஸ்தலரான புனித தோமையாரின் கல்லறையருகே ஏறத்தாழ நான்கு மாதம் தங்கிச் செபித்து, இறைவனின் சித்தம் அறிந்து, மலாக்காவுக்குப் புறப்பட்டார். 1549இல் ஜப்பானில் நற்செய்தி அறிவித்தார். 1552 டிசம்பர் 3ஆம் நாள், சீனாவின் வாசலில், சான்சியான் தீவில் 46ஆம் வயதில் உயிர் துறந்தார். 1622 மார்ச் 12ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது.

அன்புப் பங்கு மக்களே, இவ்வரலாற்றை எழுதும்போது நம் மனச்சாட்சியே நம்மைக் கேள்வி கேட்கிறது. நாம் குருப்பட்டம் பெற்ற புதிதில், ஒரு திருவிழாப் பூசைக்குப் பின் 14 குழந்தைகளுக்கு அரைமணி நேரத்தில் ஞானஸ்நானம் கொடுத்தோம். பெற்றோருக்கும் ஞானப் பெற்றோருக்கும் ஒரு நாள்கூட உபதேசம் சொல்லவில்லை. விருந்துக்கு நேரமாகிறது என்றார்கள், நாமும் விரைந்தோம். அக்குழந்தைகளுள் ஒருவன் வளர்ந்து, திருமண ஓலை கொடுக்க வந்தபோது, விசுவாசப் பிரமாணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்த்தான். குற்றம் அவனுடையதன்று. அன்று முதல், பெற்றோரை மூன்று நாளாவது அமர்த்திப் பேசாமல் நாம் தண்ணீர் ஊற்றுவதில்லை. சிலருக்கு இதனால் நம்மேல் வருத்தம் என்பதும் நமக்குத் தெரியும்.

இன்றும் பலர் வேண்டும் என்ற சொல்லோடுதான் வருகின்றனர். பள்ளியில் சேர்க்கச் சான்றிதழ் வேண்டும், ஊரார் மெச்ச விருந்து வேண்டும் என்கின்றனர். இதற்கு நேர்மாறாக, நம் மாவட்டத்துக் கிராமங்களில், ஞானஸ்நானத்துக்கு விலை கொடுக்கும் ஏழைகளும் உண்டு. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால், பட்டியல் சாதியினர் கிறிஸ்தவராகும்போது அரசு அவர்களுக்கு அளிக்கும் உரிமைகளை இழக்கின்றனர். இழப்பு இன்னதென்று தெரிந்தும் பிள்ளையைத் தொட்டியருகே ஏந்தி நிற்கும் தாயை நாம் கண்டிருக்கிறோம். விசுவசிக்கிறேன் என்ற சொல்லின் எடை அவளுக்குத் தெரியும்.

ஞானஸ்நானம் என்பது கிறிஸ்துவோடு இறந்து அவரோடு உயிர்த்தெழுவது. கடல் சோறும் போடும், உயிரையும் வாங்கும் என்பதை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் கடற்கரை மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அதே தண்ணீரை இறைவன் எடுத்து, பழைய வாழ்வுக்குக் கல்லறையாகவும் புது வாழ்வுக்குக் கருப்பையாகவும் ஆக்குகிறார். பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரியைத் தகப்பன் கையில் கொடுக்கிறோமே, அது அன்றைக்கே ஊதி அணைத்துவிடுவதற்கன்று. வீட்டில் மாலைச் செபத்தில் எரிவதற்கு.

எனவே இந்த யூபிலி ஆண்டில் ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் ஞானஸ்நான நாள் எது என்று தெரியாதவர்கள் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். ஏட்டைப் பார்த்துச் சொல்கிறோம். ஆண்டுதோறும் அந்நாளில் குடும்பமாய் முழந்தாளிட்டு விசுவாசப் பிரமாணத்தைப் பாதியில் நிறுத்தாமல் முழுவதும் சொல்லுங்கள். வேண்டும் என்று வந்த நம் முன்னோரை விசுவசிக்கிறோம் என்று சொல்ல வைத்த புனித சவேரியார், நமக்காகவும் நம் பிள்ளைகளுக்காகவும் இறைவனிடம் பரிந்து பேசுவாராக.